வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட பிறகு முன் ஆக்சிலில் டக் டக் சத்தம், ஆக்சிலை மாற்றுவதா லிஃப்ட்டை இறக்குவதா?

வேளச்சேரிவாசி:
வணக்கம் நண்பர்களே. வண்டி மஹிந்திரா தார், 2021 மாடல், டீசல், ஃபோர் வீல், செகண்ட்ஸில் வாங்கியது. வீடு வேளச்சேரி ஏரிக்குப் பக்கம், அதனால் வண்டியை எதற்குத் தூக்கினாய் என்று சென்னைக்காரர் யாரும் கேட்க மாட்டீர்கள். 2023 மிக்ஜாம் மழையில் முந்தைய காரின் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது, அதற்கப்புறம் மழை எச்சரிக்கை வரும்போதெல்லாம் காரை நிறுத்த மேம்பாலத்தில் இடம் பிடிக்க ஓடி அலுத்துப்போய் இதை வாங்கி, வாங்கிய கையோடு 2 இன்ச் லிஃப்ட்டும் போட்டேன். முன்னால் ஷாக்கின் (ஷாக் அப்சார்பரின்) தலைக்கு மேல் அலுமினிய ஸ்பேசர், பின்னால் ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர்.

ஐந்து மாதம், 6000 கி.மீ. ஓடியிருக்கும். இப்போது யூ டர்ன் அடித்தால் முன்னால் வலது பக்கத்திலிருந்து டக் டக் டக். போன ஞாயிறு கோவளம் பக்கம் மணலில் ஃபோர் ஹெச் (நாலு வீலுக்கும் இழுவை) போட்டு ஸ்டியரிங்கை ஒடித்தபோது இன்னும் கூடியது. லிஃப்ட் போட்ட கடையில் அலைன்மெண்ட் பார்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். பார்த்தாயிற்று, ஆகவில்லை. அதே ஆள் இப்போது இரண்டு பக்க ஆக்சிலையும் மாற்றச் சொல்கிறார். பணத்தைக் கொட்டுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

டீசல்பிரியன்:
சத்தம் தார் ரோட்டில் (வண்டியைச் சொல்லவில்லை, ரோட்டைச் சொல்கிறேன்) டூ ஹெச்சிலும் (பின் வீலுக்கு மட்டும் இழுவை) வருகிறதா? காய்ந்த ரோட்டில் ஃபோர் ஹெச்சோடு முழுக்க ஒடித்தால் இந்த மாதிரி வண்டி முரண்டு பிடிக்கத்தான் செய்யும், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) கிடையாது. அதை ஆக்சில் சத்தம் என்று நினைத்து செலவு செய்தவர்கள் உண்டு. ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துவிட்டு, வீலுக்குப் பின்னால் டார்ச் அடித்து, ஆக்சிலின் மடங்கும் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டைப் (உறையை) பாருங்கள்.

வேளச்சேரிவாசி:
பார்த்தேன். டூ ஹெச்சிலும் லேசாக வருகிறது. வலது வெளிப் (வீல் பக்கப்) பூட்டின் மடிப்புக்குள் நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல். ரிம்மின் உள்பக்கம், லோயர் ஆர்ம் (வீலைப் பிடித்திருக்கும் கீழ்க் கை), பிரேக் ஹோஸ் எல்லாவற்றிலும் கறுப்புக் கிரீஸ் தெறித்து, அதன்மேல் மணல் ஒட்டி எள்ளுருண்டை மாதிரி இருக்கிறது. இடது பூட் கிழியவில்லை, ஆனால் மடிப்பெல்லாம் உரசிப் பளபளவென்று ஆகிவிட்டது.

பாடி பட்டறை:
எள்ளுருண்டை ஆகிவிட்டதென்றால் வலது வெளி ஜாயிண்ட் போனது போனதுதான் தம்பி. உள்ளே இருக்கும் குண்டுகள் ஓடும் பாதையில் மணல் புகுந்து பள்ளம் விழுந்தால்தான் அந்த டக் டக் வரும், அதற்கு மேல் எந்த கிரீஸை அடைத்தாலும் பத்து நாள் அமுங்கியிருந்து திரும்ப வரும். ஆனால் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் புதியதும் இதே வழியில்தான் போகும், அதைத்தான் அந்தக் கடைக்காரர் உன்னிடம் சொல்லவில்லை.

காரணம் இதுதான். உன் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் சேசிஸோடு கட்டியிருக்கிறது. சேசிஸைத் தூக்கினால் அதுவும் கூடவே ஏறும், வீல் தரையிலேயே நிற்கும், நடுவில் இருக்கும் ஷாஃப்ட், அதாவது நீ சொல்லும் ஆக்சில், சரிவாகிவிடும். டூ ஹெச்சில் ஓட்டினாலும் அந்த ஷாஃப்ட் வீலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பூட்டின் எல்லா மடிப்பும் ஒரு முறை நசுங்கி எழுகிறது. 6000 கி.மீ.க்கு எத்தனை நசுக்கு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஷாக்கின் தலைக்கு மேல் ஸ்பேசர் வைத்தால் வண்டி உயர்வது மட்டுமில்லை, வீல் கீழே தொங்கும் தூரமும் கூடுகிறது. ஷாக் ஆர்மின் நடுப்பக்கத்தில் பிடித்திருப்பதால் 25 மி.மீ. ஸ்பேசர் வீலில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும். ஸ்பீட் பிரேக்கரில் வீல் தொங்கும் ஒவ்வொரு முறையும் ஜாயிண்ட் தன் எல்லைக்குப் பக்கத்தில் போய் வருகிறது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி உயர்த்தியிருந்தால் முழுத் தொங்கல் பழைய அளவிலேயே நின்றிருக்கும்.

வலது பக்கம் மாற்றிய பிறகு ஒரு சோதனை செய்து பார். முன் இரண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கையை விடாதே. இடது கோடிக்கு ஒருமுறை, வலது கோடிக்கு ஒருமுறை ஒடித்து வீலைக் கையால் சுற்று. எங்காவது இறுக்கிப் பிடித்தாலோ, பூட்டின் மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொண்டாலோ லிஃப்ட் அதிகம் என்று அர்த்தம். இடது பக்கம் சத்தம் இல்லாதவரை பூட்டை மட்டும் மாற்றினால் போதும். ஜாயிண்ட்டைக் கழுவிப் பார்த்து, கிட்டோடு வரும் மாலிப்டினம் கலந்த கிரீஸையே போடு, வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். கிளிப்புக்குப் பதிலாக கேபிள் டை கட்டுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதே.

ஈசிஆர்_ஜிப்ஸி:
இதனால்தான் நான் மாருதி ஜிப்ஸியை விடவில்லை. ஆக்சில் ஒரே குழாய், எவ்வளவு தூக்கினாலும் ஷாஃப்ட் சரியாது. புரொபெல்லர் ஷாஃப்ட்டும் (இழுவையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) படுத்தும், அது வேறு தலைவலி.

வேளச்சேரிவாசி:
அண்ணே, டிஃபரன்ஷியலைக் கீழே இறக்க ஒரு கிட் இருக்கிறது என்கிறார்களே? அப்பர் ஆர்ம் மாற்றினால் சரியாகும் என்று இன்னொருவர் சொன்னார். புதுப்பேட்டையில் பழைய ஆக்சில் எடுக்கலாமா?

பாடி பட்டறை:
அப்பர் ஆர்ம் கேம்பர் (வீலின் சாய்வு), காஸ்டர், மேல் பால் ஜாயிண்ட் இவற்றுக்குத்தான், ஷாஃப்ட்டின் சரிவை அது ஒன்றும் செய்யாது. டிஃபரன்ஷியலை இறக்கினால் சரிவு உண்மையிலேயே குறையும், ஆனால் நீ ஆசைப்பட்டுக் கூட்டிய உயரத்தில் அடியில் கொஞ்சம் போய்விடும், நீள போல்ட் நல்ல தரத்தில் வேண்டும், முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். உனக்கு அது தேவையில்லை, ஸ்பேசரைப் பாதியாக்கு. கம்பெனி கணக்கிலேயே அந்த வண்டி 650 மி.மீ. தண்ணீரில் இறங்கும், அதற்கு மேல் தேங்கும் தெருவுக்குள் 2 இன்ச்சை நம்பிப் போகிற ஆள் நீ இல்லை என்று நினைக்கிறேன்.

புதுப்பேட்டையில் எடுப்பதாக இருந்தால் நீளத்தையும் முனையில் இருக்கும் பல் எண்ணிக்கையையும் உன்னுடையதோடு வைத்துப் பார், ஜாயிண்ட்டை மடக்கிச் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதே. பூட் கிட் ஜிபி ரோட்டில் கிடைக்கும்.

டீசல்பிரியன்:
வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் என்று வரும்போதுதான் அது முதன்முதலாக ஞாபகம் வரக்கூடாது.

வேளச்சேரிவாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வலது ஆக்சில் புதியதே போட்டேன், புதுப்பேட்டையில் பார்த்த இரண்டும் மடக்கும்போதே நெறநெறவென்றன. இடது பக்கம் பூட் மட்டும். 25 மி.மீ. ஸ்பேசரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்தில் கொடுத்து 12க்குச் சீவி வாங்கினேன், அப்புறம் அலைன்மெண்ட். வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் முன்பைவிட 25 மி.மீ. குறைந்திருக்கிறது, நீங்கள் சொன்ன இரட்டிப்புக் கணக்கு சரிதான். தொங்கவிட்டுச் சுற்றியபோது எங்கேயும் பிடிக்கவில்லை, 400 கி.மீ. ஓடியாயிற்று, சத்தம் இல்லை. பின்பக்கத்தை இறக்காததால் மூக்கு மட்டும் கொஞ்சம் குனிந்து நிற்கிறது. அதையும் குறைக்கட்டுமா அண்ணே?

பாடி பட்டறை:
விடு தம்பி. பின்னால் இரண்டு பேர், நாலு பை ஏறினால் சமமாகிவிடும்.