பழைய சிடி பிளேயர்: சரிசெய்வதா, தூக்கிப் போடுவதா?

அங்மோகியோ மீனா:
மாமனார் 1990களில் வாங்கிய சிடி பிளேயர். எந்தத் தட்டைப் போட்டாலும் முதல் ஏழெட்டுப் பாட்டு சுத்தமாகப் பாடுகிறது, கடைசிப் பாட்டுகளில் திக்குகிறது. டிரே சில நேரம் பாதியிலேயே நின்றுவிடும். கடையில், “லேசர் போய்விட்டது, மாற்ற 150 வெள்ளி” என்கிறார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. என்ன செய்யலாம்?

ஈசூன் ராஜ்:
அந்த 150 வெள்ளியை மிச்சம் பிடியுங்கள் அக்கா. கணினியில் செருகும் சிடி டிரைவ் ஒன்று வாங்கி, எல்லாத் தட்டையும் ஃபிளாக் (FLAC) என்ற ஒலிக் கோப்பாக ஏற்றிவிடுங்கள். ஒலித்தரம் துளியும் குறையாது. கீறல் விழுந்த இடத்தைக் கணினி டிரைவ் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். பிளேயருக்கு அந்த அவகாசம் இல்லை. இத்தனை வயதான மோட்டாரும் லேசரும் இன்றைக்கு ஓடினால் நாளைக்குப் படுக்கும்.

ஜாலான்புசார்க்காரன்:
திறக்காமலே லேசர் மேல் பழி போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மீனா சொன்ன அறிகுறியைக் கவனியுங்கள். பிளேயர் சிடியை உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கும். பாட்டுகளின் அட்டவணை மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, கடைசிப் பாட்டு வெளிப்பக்கம். லேசர் செத்திருந்தால் அட்டவணையைக்கூடப் படிக்க முடியாமல் ‘நோ டிஸ்க்’ என்று காட்டி நின்றுவிடும். மோட்டாரும் இல்லை. தட்டு தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்பில் சுமார் 200 சுற்றுதான். சோர்ந்த மோட்டார் பெரும்பாலும் முதல் பாட்டிலேயே தடுமாறும்.

நான் முதலில் பார்ப்பது லேசர் நகரும் தண்டைத்தான். அதில் தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் வருடக்கணக்கில் பழைய மெழுகு மாதிரி இறுகிவிடும். லேசர் விளிம்பு வரை போக முடியாமல் சிக்கும். டிரே நிற்பதற்கு ரப்பர் பெல்ட் தளர்ந்ததுதான் பெரும்பாலும் காரணம். இரண்டுக்கும் சில வெள்ளிதான் ஆகும்.

ஈசூன் ராஜ்:
அண்ணா, மங்கிப்போன லேசர் பாதி படிக்கும், பாதி விடும். ‘செத்தது’, ‘நல்லது’ என்று இரண்டே நிலை இல்லையே? வெளிப்பக்கம் போகப்போகத் தட்டின் ஆட்டமும் கூடும். பலவீனமான லேசர் அங்கேதான் முதலில் கோட்டை விடும்.

பாசிர்ரிஸ் பாட்டு ரசிகர்:
லேசர் பகுதியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். லேசாகத் திருப்பினால் லேசரின் சக்தி கூடும். நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜாலான்புசார்க்காரன்:
தயவுசெய்து அந்தத் திருகைத் தொடாதீர்கள். அது லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டும். கொஞ்சம் அதிகமானாலும் லேசர் அந்த நொடியே போய்விடலாம். போகாவிட்டாலும் ஆயுள் குறையும். பழைய நிலையைக் குறித்து வைக்காமல் திருப்பினால் திரும்பி வரவும் வழியில்லை.

ராஜ் கேட்டது சரியான கேள்வி. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் எழுதிய சிடி, கடையில் வாங்கும் சிடியைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். லென்ஸ் அழுக்கானாலோ லேசர் மங்கினாலோ முதலில் அடம் பிடிப்பது எழுதிய சிடிதான். மீனா, உங்களிடம் ஒன்று இருந்தால் போட்டுப் பாருங்கள்.

அங்மோகியோ மீனா:
போட்டேன். எழுதிய சிடியும் உடனே எடுத்துக்கொண்டது. கடைசியில் மட்டும் அதே திக்கல்.

ஜாலான்புசார்க்காரன்:
அப்படியென்றால் கிரீஸ்தான் என்று துணிந்து சொல்வேன். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே 230 வோல்ட் வரும் பக்கம் கையே போகக்கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் தண்டையும் பல்சக்கரங்களையும் துடைத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அதை ஈரக் குச்சியால் தொட்டும் தொடாமலும் துடைத்தால் போதும். மூடியைத் திறந்தபடி ஓட்டிப் பார்த்தால் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். லேசரின் 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கெடுதல் செய்யும்.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடும் வரை உதிரிக்கென்றே பழைய பிளேயர் தேடிப் பிடிக்கலாம். இப்போது பெல்ட்டுக்கு, மின்னணு உதிரிக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் கேட்டுப் பாருங்கள்.

ஈசூன் ராஜ்:
சரி, இந்த ஒரு பிளேயருக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேசரே போயிருந்தால்? பல பழைய லேசர்களின் தயாரிப்பு நின்றுவிட்டது. சந்தையில் வருவதில் நிறைய நகல். அதோடு, எழுதிய சிடியின் சாயம் காலப்போக்கில் வெளிறிவிடும். பிளேயர் பிழைத்தாலும் தட்டு பிழைக்காது. அக்கா, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் அந்தத் தட்டுகளைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜாலான்புசார்க்காரன்:
தட்டுகளைப் பற்றிச் சொன்னதற்கு மறுப்பே இல்லை, இன்றைக்கே செய்ய வேண்டியது அது. பிளேயரைக் கைவிடுவதற்கு அது காரணமாகாது. மீனா, பெல்ட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அது இழுபட்டு நீண்டிருக்கும், அதைவிடச் சற்றுச் சின்னதாகக் கேளுங்கள்.