உள்வளைந்த பிளைவுட் ஓரத்தில் வெனியர் நிற்கவில்லை

உப்புவெளி மேசை:
வணக்கம். கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, ஓய்வு நேரத்தில் மரவேலை. மகளுக்கு 18 மில்லிமீற்றர் பிளைவுட்டில் படிப்பு மேசை செய்கிறேன். அவள் நெருங்கி உட்கார, முன்பக்கத்தில் உள்நோக்கி ஒரு வளைவு வெட்டினேன். அயன் பண்ணி ஒட்டும் வெனியர் பட்டி, அதாவது ஓரத்தை மறைக்கும் மெல்லிய மரப்பட்டி, உருண்டை மூலைகளில் நன்றாகப் பிடித்தது. உள்வளைவில் மட்டும் நடுப்பகுதி எழும்பிக்கொண்டே இருக்கிறது. மாரி தொடங்கினால் வார்னிஷ் காய்வதே பெரும்பாடு, அதற்குள் முடிக்க வேண்டும். பட்டியே இல்லாமல் ஓரத்தை அப்படியே விடலாமா? அடுக்குகள் தெரிவது மகளுக்குப் பிடிக்கும்.

உவர்மலை வாசி:
தாராளமாக விடலாம் அண்ணா, அழகாகவும் இருக்கும். பிவிசி குழாய்த் துண்டில் சாண்ட் பேப்பரைச் சுற்றித் தேயுங்கள்: 120, 180, கடைசியில் 240. குறுக்காக ஓடும் அடுக்குகள் வார்னிஷை நிறையக் குடிக்கும். அதனால் முதல் பூச்சைத் தின்னர் கலந்து தண்ணீராக அடித்து, காய்ந்ததும் எழும்பும் நாரை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே போங்கள். கூரான விளிம்பில் பூச்சு மெலிந்துபோகும், அதையும் கொஞ்சம் உருட்டிவிடுங்கள்.

கிண்ணியா தச்சு:
தம்பி, வளைத்த பட்டி எப்போதும் நேராகத்தான் பார்க்கும். வெளிவளைவில் நுனி எழும்பும், உள்வளைவில் நடு எழும்பும். அயன் சூட்டில் உருகிய பசை ஆறும்வரை நடுவை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும். மூலைகளை விடுங்கள். உள்வளைவு பிள்ளையின் கை ஊன்றும் இடம், வியர்வை படும். அங்கே வெறும் ஓரத்தை நான் விடமாட்டேன், தேக்கில் ஒன்றரை மில்லிமீற்றர் பட்டி ஒட்டுவேன்.

வளைவை வெட்டியபோது விழுந்த துண்டு இருக்கிறதா? பட்டியை அழுத்திப் பிடிக்க அதுதான் உங்கள் அச்சு. ஜிக்சோ வாள் தின்ற இடைவெளியும் பட்டியின் கனமும் ஏறக்குறைய ஒன்று, அதனால் துண்டு திரும்ப அப்படியே பொருந்தும். துண்டுக்கும் பட்டிக்கும் இடையில் சைக்கிள் டியூப் ரப்பர் ஒன்று வையுங்கள், சின்ன வித்தியாசத்தை அது வாங்கிக்கொள்ளும். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுமுன் தின்னரால் துடையுங்கள். நீளக் கிளாம்ப் இல்லாவிட்டால் மீன்பிடி நைலோன் கயிற்றை மேசையைச் சுற்றிக் கட்டி, கம்பு கொடுத்து முறுக்குங்கள். பின்விளிம்பில் கயிறு பதியாமல் ஒரு சட்டம் வையுங்கள். அடுத்த நாள்வரை அவிழ்க்க வேண்டாம்.

உப்புவெளி மேசை:
வெட்டிய துண்டு பத்திரமாக இருக்கிறது! கை ஊன்றும் இடம் என்பதை நான் யோசிக்கவே இல்லை, மிக்க நன்றி அண்ணா. சரி, உள்வளைவுக்குத் தேக்கு, மற்ற ஓரங்களை மகள் விருப்பப்படி வெறுமனே விடுகிறேன். ஒட்டிய மூலைப் பட்டிகளையும் கழற்றிவிடலாம் அல்லவா? பட்டியை எத்தனை அகலத்தில் அறுப்பது?

கிண்ணியா தச்சு:
அயனை வைத்தால் பசை இளகி மூலைப் பட்டி கழன்று வரும், மிச்சப் பசையைத் தேய்த்து எடுங்கள். தேக்கை 21 மில்லிமீற்றர் அகலத்தில் அறுக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் மிஞ்சுவதைப் பசை காய்ந்தபின் கூரான உளியால் சீவலாம். நாரின் போக்கைப் பார்த்துச் சீவுங்கள், எதிர்ப்போக்கில் போனால் பிளந்துவிடும்.