மலேசியாவின் தேசிய சேவைப் பயிற்சிக்குப் போனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் அக்கா:

நான் 2006-இல் போனேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதி முடித்த கையோடு பெயர் வந்துவிட்டது, கணினி குலுக்கி எடுத்த பெயர். போகாவிட்டால் 3,000 ரிங்கிட் வரை அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை என்று யாரோ சொல்லப்போய், அன்று அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவவே போகவில்லை.

மூன்று மாதம். உடற்பயிற்சி, நாட்டு நிர்மாணம், குணநலன், சமூக சேவை என்று நான்கு பிரிவு. முதல் மூன்றையும் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு மறக்காதது நான்காவதுதான்.

ஒருநாள் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள். தரை கழுவினோம், கொசுவலை துவைத்தோம். ஓர் ஓரத்தில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். பால்மரம் சீவும் கத்தியைப் பிடித்துப் பிடித்து வலது கைவிரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. என் குழுவில் இருந்த கிளந்தான் மாநிலத்துப் பெண் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகம் வெட்டிவிட்டாள். நான் தமிழில் பேசியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்மா?" சொன்னேன். அவருடைய தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்களாம். அதை மலாயில் அவளுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அவளும் அவர் கையை விடவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எங்கள் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கடைசி வீட்டில் அதே மாதிரி ஒரு பாட்டி தனியாக இருப்பது கண்ணில் பட்டது. இத்தனை வருடமாக அந்த வழியாகத்தானே பள்ளிக்கூடம் போனேன்! அப்புறம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பெரியவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தோம். சமூகநல இலாகாவின் உதவித்தொகைப் படிவங்களையும் நிரப்பிக் கொடுத்தோம்.

2018-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியபோது மனசு கனத்தது. 2025-இல் 45 நாளாகத் திரும்ப வந்திருக்கிறது. நாள் குறைந்தது பரவாயில்லை. அணிவகுப்பு நேரம் போக, இப்படி ஒரு கையைப் பிடிக்கும் நாளும் அதில் இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

செம்பனைத் தம்பி:

அக்கா, எனக்கு 24 வயது. என் காலத்தில் தேசிய சேவைக்கு அழைக்கும் கடிதமே வரவில்லை. நான் சேவைக்கு வந்தது ஊர் இளைஞர் இயக்கம் வழியாக. கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) என்றால் நாங்கள்தான் கால்வாயில் இறங்குவோம். கூட்டத்தில் முடிவெடுப்பதோ நாற்பதை நெருங்கிய அண்ணன்கள். 2007-ஆம் ஆண்டு இளைஞர் அமைப்புகள் சட்டத்தில் இளைஞர் என்றால் 15 முதல் 40 வயது வரை என்று இருந்தது, அதனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2019-இல் திருத்தம் கொண்டுவந்து 30 ஆக்கினார்கள், ஆனால் அமலுக்கு வராமல் வருடக்கணக்கில் இழுத்தது. 2021 டிசம்பரில் இருந்து 18 வயதில் ஓட்டுப் போடலாம். ஓட்டுப் போடுகிறவன் தன் ஊர் இயக்கத்தில் செயலாளராகவும் இருக்கட்டுமே.

எங்கள் தலைவர் அண்ணன் நல்லவர். சட்டத்துக்குக் காத்திருக்காமல், போன கூட்டத்திலேயே கணக்குப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "இனி நீ எழுது" என்றார்.

சுங்கை சிப்புட் அக்கா:

சரி தம்பி, அப்படியானால் இந்த ஞாயிறு காலை வா. லயத்தில் இரண்டு பாட்டிகளுக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்ப வேண்டும். மலாய் நன்றாக எழுதுகிற ஆள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வா. பாட்டிகளின் அடையாள அட்டை நகலை நான் எடுத்து வைக்கிறேன்.