ஒரிகன் வண்டித்தடம் (1840கள்ல இருந்து அமெரிக்காவுல மாட்டுவண்டி கட்டிக்கிட்டு மேற்கே குடியேறப் போன பாதை) போய்ப் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

டென்வர்வாசி:
போன ஆகஸ்ட்ல அப்பாவை நெப்ராஸ்கா கூட்டிட்டுப் போனேன். ஸ்காட்ஸ்பிளஃப்ல ரெபெக்கா விண்டர்ஸ் சமாதி, தண்டவாளத்துப் பக்கத்துல. 1852, காலரா, வயசு 50. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவை வளைச்சு நட்டு, அதுலயே பேரை வெட்டி வச்சிருக்காங்க. வழியில செத்த நிறைய பேரைப் பாதையிலயே புதைச்சு, ஓநாய் தோண்டாம இருக்க மேல வண்டியை ஓட்டிட்டுப் போனாங்கன்னு படிச்சிருப்பீங்க. இது அந்த இரும்பால தப்பிச்சிருக்கு.

அப்பா மன்னார்குடிப் பக்கம் இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டினவர். பேர் என்னன்னு கேட்கலை, ஊர் என்னன்னு கேட்கலை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டாவையே பார்த்துக்கிட்டிருந்தார். "இதைக் கழட்டிக் கொடுத்த வண்டி அப்புறம் எப்படிடா போச்சு?"

எனக்குப் பதில் தெரியலை. ராத்திரி மோட்டல்ல படுத்தப்புறம் மறுபடி ஆரம்பிச்சார். "இருசு ஒடிஞ்சா வேற மரம் வெட்டிக்கலாம். பட்டா போனா வட்டை பிரிஞ்சிடும்." இன்னும் அதுதான் காதுல இருக்கு.

மூணு பிள்ளை அம்மா:
அப்பா கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. வழியெல்லாம் மாடு செத்து, பாரம் தாங்காம விட்டுட்டுப் போன வண்டிங்க கிடந்துச்சு. இரும்புக்குப் பஞ்சமில்லை. பட்டா தானா கழண்டுக்கிறதுதான் பெரிய தொல்லை. வயோமிங் காத்துல மரம் காய்ஞ்சு சுருங்கிடும். ராத்திரி சக்கரத்தைக் கழட்டி ஆத்துல ஊறப்போடுவாங்களாம்.

நாங்க போனது வயோமிங்ல கெர்ன்ஸி. பாறையில ஐந்தடி ஆழத்துக்குத் தடம். சின்னவ உள்ளே இறங்கி உட்கார்ந்தா, ஆளே தெரியலை. கூப்பிட்டேன், குரல் வரலை. ஒரு நிமிஷம் வயிறு கலங்கிடுச்சு. வண்டிச் சக்கரத்துல விழுந்து செத்த பிள்ளைங்க கதையைக் காலையிலதான் படிச்சிருந்தேன்.

போறவங்களுக்குச் சொல்றேன். கெர்ன்ஸியும், வண்டியில போனவங்க பேர் செதுக்கின ரெஜிஸ்டர் கிளிஃப் பாறையும் ஒரே நாள்ல முடியும், பக்கத்துப் பக்கத்துல. இண்டிபெண்டன்ஸ் ராக் தனி நாள். ஜூலை 4க்குள்ள அந்தப் பாறைக்கு வந்து சேரணும், இல்லைன்னா மலையில பனி பிடிச்சுக்கும்னு அந்தக் கால வண்டிக்காரங்க கணக்கு. பெட்ரோல் பாதியானதும் நிரப்பிடுங்க. பாம்பு உண்டு, ஷூ போடுங்க. பிள்ளைங்க கையில சாவி கொடுக்காதீங்க, பேர் கீறிடும். ஒரு அரை மைலாவது நடக்க வைங்க. அவங்க வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, உள்ளே மாவும் பன்றி இறைச்சியும்தான். பெரும்பாலானவங்க 2,000 மைலையும் நடந்தே போனாங்க. காலையில பாலைக் கட்டித் தொங்கவிட்டா குலுக்கல்ல சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும். விறகில்லாத இடத்துல காட்டெருமைச் சாணம்தான் எரிச்சாங்க, நம்ம வரட்டி மாதிரி. இவ்வளவு பாடும் யாருமில்லாத நிலத்துக்காக!

ஹில்ஸ்பரோ தமிழன்:
யாருமில்லாத நிலம்னு எழுதாதீங்க அக்கா, தயவுசெஞ்சு. நான் இருக்கிற ஒரிகன் வில்லாமெட் பள்ளத்தாக்கு, அந்த வண்டிங்க போய்ச் சேர்ந்த இடம், கலப்பூயா பழங்குடி மக்களோடது. 1850 சட்டத்துல புருஷன் பொண்டாட்டியா வந்த வெள்ளைக்காரங்களுக்கு 640 ஏக்கர் வரைக்கும் சும்மா கொடுத்தாங்க. கலப்பூயா மக்களோட ஒப்பந்தம் போடும் முன்னாடியே நிலம் பங்காகிடுச்சு. 1856ல அவங்களை கிராண்ட் ரோண்ட்ங்கற பழங்குடி ஒதுக்கிடத்துக்குத் துரத்தினாங்க. வண்டியில வந்த ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் கறுப்பர்ங்கறதால ஒரிகன்ல இருக்க முடியாம, வடக்கே இன்றைய வாஷிங்டன் மாநிலத்துல போய்க் குடியேறினார்.

கிராண்ட் ரோண்ட்ல ஒரு பாட்டிம்மாகிட்ட பேசினேன். எந்த மொழின்னு கேட்டாங்க. தமிழ்னேன். தண்ணிக்கு என்ன சொல்வீங்கன்னாங்க. சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டு, "எங்க சினூக் வாவா மொழியில சக்"ன்னாங்க. பேத்தி பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டு வந்து அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். அதைச் சொல்லும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

டென்வர்வாசி:
சக்கரத்தை ஆத்துல ஊறப்போட்டதை அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "நாங்களும் கோடையில குளத்துல போடுவோம்"னார். அது எந்த ஆறுன்னு கேட்டார். பிளாட், அகலம்தான், ஆழமே இல்லைன்னேன்.

"சக்கரம் ஊற அது போதும்"னார்.