தரவுத்தள வினவலில் வர்க்கமூலம்: மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

அரிசி மூட்டைகளை எடைபோடும் பொறிகளிலிருந்து வரும் தரவைத் தொகுத்து, எந்தப் பொறியில் எடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று வாராவாரம் அறிக்கை தருவது என் வேலை. தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். திட்டவிலக்கத்துக்கு, அதாவது எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவுக்கு, கல்லூரியில் படித்த குறுக்குவழியையே வினவலாக (தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளையாக) எழுதியிருந்தேன்: வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, மிச்சத்துக்கு வர்க்கமூலம்.

சில மாதங்கள் ஓடின. ஒரு பொறிக்கு மட்டும் அவ்வப்போது கட்டம் வெறுமையாக வரும். எடை உணரி பழுது என்று முடிவுகட்டி ஆள் அனுப்பினார்கள். போனவர், பொறி நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தார். இரண்டாவது முறையும் அதே கதை. திட்டு எனக்கு.

பிறகு போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறினோம். முதல் வாரமே அறிக்கை மொத்தமும் நின்றுவிட்டது. எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க முடியாதாம். மூட்டை எடையில் எதிர்ம எண் எங்கிருந்து வரும்? கழித்த மிச்சத்தைத் தனியே எடுத்துப் பார்த்தேன்: மைனஸ் 0.00000000000045. அன்று அந்தப் பொறியில் எல்லா மூட்டையும் ஒரே எடை. மிச்சம் சுழியமாகியிருக்க வேண்டும். ஆனால் 50 கிலோவின் வர்க்கம் 2,500 பக்கம்; அந்த அளவில் டபுள் வகை எண்ணின் (கணினி பதின்ம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) கடைசி பிட் ஒன்று பிசகினாலே இவ்வளவு வரும். அது கீழ்ப்பக்கம் பிசகியிருக்கிறது. மைஎஸ்கியூஎல் இப்படிப்பட்ட இடத்தில் சத்தமில்லாமல் நல், அதாவது மதிப்பு இல்லை, என்று வைத்துவிடும்; வெறுமையான கட்டம் அதுதான். போஸ்ட்கிரெஸ் கூச்சல் போடும். எனக்குக் கூச்சலே மேல். ஒழுங்காக வேலை செய்த பொறிக்கல்லவா பழுது என்று பெயர் வாங்கிக் கொடுத்தேன்!

இப்போது தரவுத்தளத்திலேயே உள்ள திட்டவிலக்கச் சார்பைத்தான் பயன்படுத்துகிறேன்.

*

எனக்கு நேர்ந்தது வேறு. 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைகளைக் காட்டும் செயலி, கைப்பேசியில் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம். 2021இல் வந்த 3.35 பதிப்புக்கு முன்னால் அதில் வர்க்கமூலச் சார்பே கிடையாது. அப்படியொரு சார்பு இல்லை என்ற பிழையோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது, அது தேவையே இல்லை என்று. தூரத்தின் வர்க்கம் 25க்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அருகிலிருப்பது முதலில் என்று வரிசைப்படுத்தவும் வர்க்கமே போதும்.

அந்தப் பெருமிதம் அதிக நாள் நிலைக்கவில்லை. அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று ஒரே கணக்காகப் போட்டிருந்தேன். சோதித்தது சென்னையில். அங்கே தீர்க்கரேகைப் பாகை சுமார் 108 கிலோமீட்டர் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. லண்டனில் அது 69தான். நேர் கிழக்கே 4 கிலோமீட்டரில் இருந்த கடை கிட்டத்தட்ட ஆறரைக் கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்விட்டது. தீர்க்கரேகை வித்தியாசத்தை அட்சரேகையின் கொசைனால் பெருக்கியதும் சரியானது.

*

முதலில் எழுதிய நண்பருக்கு: போஸ்ட்கிரெஸும் எப்போதும் கூச்சல் போடுவதில்லை. அதில் வர்க்கமூலத்துக்குக் குறியீடும் உண்டு, ஒரு நிமிர்ந்த கோடும் அதையடுத்துச் சாய்கோடும். நிமிர்ந்த கோடு இரண்டானால் கனமூலம். நான் அந்தக் குறியைப் போட்டு எழுதிய வினவலைப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பார்த்தார். ஏதோ விசை தவறி விழுந்தது என்று நினைத்து அழித்துவிட்டார். வினவல் பிழையின்றி ஓடியது, 9 வர வேண்டிய இடத்தில் 81 என்று. அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கே ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியிருக்கும்.