எழுவாய் எங்கே என்று காட்டிய கோடு

பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்த பிறகும் ஒரு பிழை என்னை விடவில்லை. ‘தி பாக்ஸ் ஆஃப் ஓல்டு லெட்டர்ஸ்’ என்று தொடங்கினால் அடுத்ததாகக் கை தானாகவே ‘ஆர்’ என்று எழுதிவிடும். ஒருமை எழுவாய்க்கு ஒருமை வினை என்ற விதி எனக்கு மனப்பாடம். எழுவாய் எது என்பதுதான் எழுதும்போது பிடிபடவில்லை.

அந்த வாக்கியத்தைப் படமாக வரைந்து பார்க்கும்படி ஆசிரியர் ஒருவர் சொன்னார். கிடைக்கோடு ஒன்றை இழுத்து, அதை வெட்டிச் செல்லும் செங்குத்துக் கோட்டுக்கு இடப்புறம் எழுவாயையும் வலப்புறம் வினையையும் எழுத வேண்டும். இடப்புறம் ‘பாக்ஸ்’ மட்டுமே இடம்பிடித்தது. அதன் அடியில் சாய்கோட்டில் ‘ஆஃப்’ இறங்கியது; சாய்கோட்டின் முனையிலிருந்து நீண்ட சிறு கிடைக்கோட்டில் ‘லெட்டர்ஸ்’ நின்றது; அதற்கும் கீழே ‘ஓல்டு’ தொங்கியது. வினையை ஒட்டி நின்று என்னை ஏமாற்றிய பன்மைச் சொல்லுக்கு வினையோடு எந்த உறவும் இல்லை என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற அமெரிக்க ஆசிரியர்கள் இருவர் 1877இல் வெளியிட்ட பாடநூலின் வழியே பரவிய முறை இது. இதில் கோட்டின் வடிவமே இலக்கணம் பேசுகிறது. செயப்படுபொருளுக்கு முன் வரும் குறுங்கோடு கிடைக்கோட்டின் மேல் நேராக நிற்கும். ‘ஷி இஸ் எ டாக்டர்’ போன்ற வாக்கியத்திலோ ‘டாக்டர்’ எழுவாயையே குறிப்பதால், அக்கோடு எழுவாயின் பக்கம் சாய்ந்திருக்கும்.

என்னை நெடுநேரம் உட்கார வைத்தது ‘ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்’ என்ற வாக்கியம். ‘வித்’ என்பதை ‘சா’வின் கீழே தொங்கவிட்டால் தொலைநோக்கி வழியாகப் பார்த்தவன் நான், ‘மேன்’ என்பதன் கீழே தொங்கவிட்டால் தொலைநோக்கி அந்த மனிதனிடம் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் படத்தை முடிக்க முடியாது என்பதே இம்முறையின் பெரும் பலம் என்று கருதுகிறேன்.

ஆனால் படம் சொற்களின் வரிசையைக் காட்டுவதில்லை. வினாவாக்கியத்தில்கூட எழுவாய் இடப்புறமே நிற்கும். வினையை இறுதியில் வைத்துப் பேசிப் பழகிய நமக்கு வரிசைதான் பெரும் இடர் என்பதால், வரைந்த படத்தை மட்டும் பார்த்து வாக்கியத்தை மறுபடி எழுதிப் பழகினேன். இன்றும் நீண்ட வாக்கியம் ஒன்று சிக்கிக்கொண்டால், தாளின் ஓரத்தில் முதலில் அந்தக் கிடைக்கோட்டை இழுத்து, எழுவாயையும் வினையையும் மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.