வெளி எஸ்எஸ்டியில் நிறுவிய லினக்ஸ் வேறு கணினியில் துவங்கவில்லை. அதைக் கழற்றினால் விண்டோஸும் வரவில்லை

செங்காந்தள்:

வணக்கம். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதில் கைவைக்காமல் லினக்ஸில் வேலை செய்ய விரும்பி, 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி உறையில் பொருத்தி, டெபியன் வழிவந்த ஒரு லினக்ஸ் வழங்கலைப் பென் டிரைவிலிருந்து அதில் நிறுவினேன். துவக்கி எங்கே எழுதப்பட வேண்டும் என்று கேட்ட இடத்திலும் வெளிவட்டையே தேர்ந்தெடுத்தேன். உள்வட்டின் பக்கமே போகவில்லை.

எஸ்எஸ்டி செருகியிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை இயக்கினால், விண்டோஸ் வராமல் கறுப்புத் திரையில் "க்ரப்>" என்ற சொல் மட்டும் வந்து நிற்கிறது. அதே எஸ்எஸ்டியை அலுவலக மேசைக்கணினியில் செருகி எஃப்12 விசையை அழுத்தினால், துவக்கப் பட்டியலில் அதன் பெயரே தென்படவில்லை. போகுமிடமெல்லாம் என் இயங்குதளத்தைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லலாம் என்றுதான் இதை வாங்கினேன். இவை இரண்டும் ஒரே கோளாறா, வெவ்வேறா? விண்டோஸை இழக்காமல் சரிசெய்ய இயலுமா?

பழையபெட்டி:

ஒரே கோளாறுதான். லினக்ஸ் முழுவதும் வெளிவட்டில் இருக்கிறது. அதை எழுப்பும் துவக்கி மட்டும் உங்கள் மடிக்கணினியின் உள்வட்டில் போய் அமர்ந்திருக்கிறது.

யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையுள்ள கணினிகளில் துவக்கி என்பது ஒரு சாதாரணக் கோப்பு. அது ஃபேட்32 வடிவிலுள்ள ஈஎஃப்ஐ பகுதியில் இருக்கும். கணினியின் ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள அடிப்படை நிரல்), "இந்த வட்டில் இந்தக் கோப்பை இயக்கு" என்ற குறிப்பைத் தன் சொந்த நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். சில நிறுவல் நிரல்கள், நீங்கள் எந்த வட்டைச் சுட்டினாலும், முதலில் கண்ணில் படும் ஈஎஃப்ஐ பகுதியிலேயே துவக்கியை எழுதிவிடுகின்றன. முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் விண்டோஸின் பகுதியாகவே இருக்கும். எஸ்எஸ்டியைக் கழற்றியதும், உள்வட்டிலுள்ள க்ரப் என்ற லினக்ஸ் துவக்கி தன் அமைப்புக் கோப்பைத் தேடிக் காணாமல் நின்றுவிடுகிறது. அலுவலகக் கணினியின் நினைவகத்திலோ உங்கள் வட்டைப் பற்றிய குறிப்பே கிடையாது. அப்படிப்பட்ட நிலையில் ஃபர்ம்வேர் ஒவ்வொரு வட்டிலும் ஈஎஃப்ஐ அடைவினுள் பூட் என்ற அடைவில் "பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ" என்ற பொதுப்பெயர்க் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் வட்டில் அது இல்லை. ஆகவே பட்டியலிலும் இல்லை.

என் ஊகம் சரிதானா என்று பார்க்க, லினக்ஸினுள் சென்று "எல்எஸ்பிஎல்கே" கட்டளையை இயக்கி, /பூட்/ஈஎஃப்ஐ எந்த வட்டின் பகுதியாக ஏற்றப்பட்டிருக்கிறது என்று தெரிவியுங்கள்.

செங்காந்தள்:

தாங்கள் சொன்னபடியே இருக்கிறது, ஐயா. அது உள்வட்டின் முதல் பகுதியாகவே ஏற்றப்பட்டிருக்கிறது. வெளிவட்டில் 512 எம்பி அளவில் ஒரு ஃபேட்32 பகுதியும், மீதி முழுவதும் லினக்ஸ் பகுதியும் உள்ளன. அந்த 512 எம்பி பகுதியை ஏற்றிப் பார்த்தால் உள்ளே எதுவுமே இல்லை.

பழையபெட்டி:

அந்தக் காலிப் பகுதி இருப்பது உங்களுக்கு நல்லதாயிற்று; வட்டைச் சுருக்கிப் புதிதாகப் பகுதி பிரிக்கும் வேலை மிச்சம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

எதையும் தொடுமுன், விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். துவக்க முறையில் மாற்றம் தெரிந்ததும் சில கணினிகளில் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். அந்த நேரத்தில் தேடுவது பெரும்பாடு.

பிறகு லினக்ஸில் /பூட்/ஈஎஃப்ஐ ஏற்றத்தை "யூமவுண்ட்" கொண்டு நீக்குங்கள். "பிஎல்கேஐடி" கட்டளை, வெளிவட்டின் ஃபேட் பகுதிக்குரிய யூயூஐடியை, அதாவது அதன் அடையாள எண்ணைக் காட்டும். நடுவே சிறு கோட்டுடன் எட்டே எழுத்துகள் கொண்டதாக இருக்கும். /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் /பூட்/ஈஎஃப்ஐ என்று உள்ள வரியில் பழைய எண்ணை எடுத்துவிட்டு இதை எழுதி, மீண்டும் ஏற்றுங்கள். இந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டால், அடுத்த முறை க்ரப் புதுப்பிக்கப்படும்போது துவக்கி மறுபடி உள்வட்டுக்கே போய்விடும்.

இப்போது "க்ரப்-இன்ஸ்டால்" கட்டளையை "ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்", "நோ-என்விரேம்" என்ற இரு தெரிவுகளுடன் இயக்குங்கள். முதலாவது தெரிவு, வழக்கமான இடத்தோடு அந்தப் பொதுப்பெயரிலும் ஒரு படியை எழுதச் செய்யும். இரண்டாவது, மடிக்கணினியின் நினைவகத்தில் புதிய குறிப்பு எழுதாமல் தடுக்கும். அதன்பின் க்ரப்-ஈஎஃப்ஐ-ஏஎம்டி64 பொதியை "டிபிகேஜி-ரீகான்ஃபிகர்" செய்து, கழற்றத்தக்க ஊடகப் பாதையிலும் எழுதலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று விடையளித்தால், இனிவரும் புதுப்பித்தல்களிலும் அந்தப் படி பழசாகாமல் இருக்கும்.

உள்வட்டைச் சுத்தம் செய்ய அவசரப்படாதீர்கள். முதலில் அலுவலகக் கணினியில் வட்டு துவங்குகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அது உறுதியான பிறகு, மடிக்கணினியில் "ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்" காட்டும் பட்டியலிலிருந்து பழைய லினக்ஸ் குறிப்பை நீக்கி, விண்டோஸ் துவக்கியை முதலிடத்தில் வையுங்கள். உள்வட்டின் ஈஎஃப்ஐ பகுதியில் உங்கள் லினக்ஸ் வழங்கலின் பெயருள்ள அடைவை மட்டும் அழிக்கலாம். மைக்ரோசாஃப்ட் என்ற அடைவின்மேல் விரல் படக்கூடாது.

கையொப்பமில்லாத துவக்கிகளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். டெபியனில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தே அந்தச் சோதனையைக் கடந்து க்ரப்பை எழுப்பும், கையொப்பமிட்ட ஷிம் கோப்பு உடன் வருகிறது. பொதுவாக அணைக்கத் தேவையில்லை.

கம்பியில்லான்:

மேலே சொன்னதோடு, பல கணினிகளில் பயன்படுத்தப்போவதால் இன்னும் சிலவற்றைக் கவனிப்பது நல்லது. /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவிலுள்ள அமைப்புக் கோப்பில் "மாட்யூல்ஸ்" என்பதற்கு நேரே "மோஸ்ட்" என்று இருக்க வேண்டும். "டெப்" என்றிருந்தால், அந்தக் கணினிக்குத் தேவையான இயக்கிகள் மட்டுமே சேர்க்கப்பட்டிருக்கும்; வேறொரு கணினியில் க்ரப் வந்தபின்னும் பாதிவழியில் நின்றுவிடும். என் வட்டில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

அடுத்தது கடிகாரம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொதுநேரத்திலும், விண்டோஸ் உள்ளூர் நேரத்திலும் வைக்கும். நீங்கள் லினக்ஸில் வேலை முடித்து எழுந்த பிறகு அதே கணினியில் விண்டோஸைத் திறப்பவருக்கு மணி ஐந்தரை மணிநேரம் பின்தங்கித் தெரியலாம். அலுவலகக் கணினி என்பதால், "டைம்டேட்சிடிஎல்" கட்டளையின் "செட்-லோக்கல்-ஆர்டிசி" தெரிவால் லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவது அண்டை நாற்காலிக்காரருக்குச் செய்யும் மரியாதை.

அலுவலகக் கணினி மிகப் பழையதாக, யூஇஎஃப்ஐ இன்றி, அதற்கு முந்தைய ஃபர்ம்வேரான பயாஸ் மட்டுமே உள்ளதாக இருந்தால் இவ்வளவும் போதாது. பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டுமே படிக்கும். அதிலும் துவக்கிக்குக் கிடைப்பது 446 பைட்டுகள்தான். அதற்கெனத் தனியாக 1 எம்பி பகுதி ஒன்றை ஒதுக்கி, க்ரப்பின் பயாஸ் வடிவத்தையும் அதே வட்டில் எழுதினால் இரு வகைக் கணினிகளிலும் துவங்கும். தேவைப்பட்டால் சொல்லுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

செங்காந்தள்:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் சொன்ன வரிசையிலேயே செய்தேன். இன்று காலை அலுவலகக் கணினியில் முதலில் வட்டு பட்டியலில் வராமல் மனம் சோர்ந்தது. முன்பக்கத் துளையில் நீட்டிப்புக் கம்பி வழியாகச் செருகியிருந்தேன். கம்பியை விட்டுவிட்டுப் பின்பக்கத்து நீலத் துளையில் நேரடியாகச் செருகியதும் பெயர் தெரிந்தது, துவங்கியும் விட்டது. "மாட்யூல்ஸ்" வரியில் "மோஸ்ட்" என்றே இருந்தது.

மடிக்கணினியிலிருந்து பழைய குறிப்பை நீக்கிய பிறகு, எஸ்எஸ்டி இல்லாமல் இயக்கினால் விண்டோஸ் நேரே வருகிறது. பிட்லாக்கர் சாவியை ஒருமுறை கேட்கத்தான் செய்தது. பாதுகாப்பை நிறுத்தி வைக்கச் சொன்னதை நான்தான் மறந்திருந்தேன். தாளில் எழுதி வைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கம்பியில்லான் அவர்களுக்கு: வீட்டில் 2009இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது, அதில் பயாஸ் மட்டும்தான். அந்த 1 எம்பி பகுதியைப் பற்றி, நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.